ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு டிராயிங் கிளாஸ்: போர்டில் வரைந்து காட்டலாமா, கூடாதா?

ஏற்காட்டுக்குப் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் இந்த வருஷம் டிராயிங் டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். எல்.கே.ஜி.யில் இருந்து அஞ்சாம் வகுப்பு வரை எல்லாமே என் பொறுப்பு. வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிஷம், அதிலும் கால்வாசி நோட்டைத் தேடவும் பென்சில் சீவவும் போய்விடும். படித்தது ஃபைன் ஆர்ட்ஸ். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவம் கிடையாது.

பிரச்சினை இதுதான். "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க" என்று விட்டால் ரெண்டாம் வகுப்புக்கு மேலே எல்லாரும் ஒரே படத்தை வரைகிறார்கள். ரெண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து ஒரு ஆறு, ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம், மேலே டிக் போட்டு நாலு பறவை. இந்தப் பிள்ளைகள் இருப்பது 1500 மீட்டர் உயரத்தில்! ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக்கும் அதில் ஏறின மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியும்தான். சேர்வராயன் மலையே உச்சியில் மைதானம் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது, முக்கோணம் எங்கே இருக்கிறது இங்கே?

பழைய நோட்டுகளைப் புரட்டினேன், விஷயம் புரிந்தது. முன்னாடி இருந்தவர்கள் போர்டில் போட்டதைப் பார்த்துப் பிள்ளைகள் போட்டிருக்கிறார்கள், அடியில் சிவப்பு மையில் குட், வெரி குட். எல்.கே.ஜி.க்கு நெட்டில் எடுத்த பிரிண்ட் அவுட், கோட்டைத் தாண்டாமல் கலர் அடிக்க வேண்டும். நான் ரெண்டையும் நிறுத்திவிட்டேன். உடனே கரஸ்பான்டன்ட் கூப்பிட்டு, "நோட்டுல படமே இல்லையே மேடம், பேரன்ட்ஸ் மீட்டிங்ல எதைக் காட்டுறது?" என்கிறார். மனுஷர் நல்லவர்தான், கலர், தாள் எது கேட்டாலும் வாங்கித் தருகிறார். ஆனால் ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வேண்டும், அது 'நீட்டாக' இருக்க வேண்டும்.

போர்டில் வரைந்து காட்டவே கூடாதா? காட்டாவிட்டால் "எனக்கு வராது மிஸ், நீங்களே போட்டுக் குடுங்க" என்று அழுகிற பிள்ளைக்கு என்ன பதில்? இன்னொரு தொல்லை, மூடுபனி. போஸ்டர் கலர் அடித்தால் மறுநாளும் பிசுபிசு என்று ஒட்டுகிறது, சார்ட் எல்லாம் நமுத்துப் போகிறது. மலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

---

ரிடையர்டு டிராயிங் மாஸ்டர், ஓமலூர்:

வாழ்த்துகள் அம்மா. அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசு டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் ரெண்டு கிரேடும் எழுதி, ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று கை ஒடிய வரைந்து வந்த தலைமுறை. அதனால் கொஞ்சம் பழைய ஆள் பேச்சாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போர்டைத் திட்டுவது ஒரு நாகரிகம் ஆகிவிட்டது. பார்த்துப் போடுவதில் என்ன கேடு? நம் ஊர்ப் பெண் பிள்ளை கோலம் எப்படிக் கற்றுக்கொள்கிறது? அம்மா புள்ளி வைப்பதைப் பார்த்து வைக்கிறது, கம்பி இழுப்பதைப் பார்த்து இழுக்கிறது, நாலு மார்கழி போனதும் தானாகப் புதுக் கோலம் போடுகிறது. யாரும் அதை "உன் மனசுக்குத் தோன்றியதைப் போடு" என்று முதல் நாளே வாசலில் விட்டுவிட்டுப் போவதில்லை. உங்கள் பள்ளியில் நடந்த கோளாறு, வரைந்து காட்டினவர் தான் பார்க்காத ஒன்றை வரைந்து காட்டியது. அவருக்கு யார் போர்டில் போட்டுக் காட்டினார்களோ! அந்தத் தென்னை மரம் மூணு தலைமுறையாகப் போர்டுக்குப் போர்டு தாவி வருகிறது.

நான் செய்தது இது. போர்டில் வரைவேன், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரே பொருளை மூணு விதமாக வரைவேன். மாமரம் என்றால் நிமிர்ந்தது ஒன்று, காற்றில் சாய்ந்தது ஒன்று, ஆடு கடித்த கன்று ஒன்று. கை எங்கே ஆரம்பிக்கிறது, கிளை எந்தத் தடிமனில் பிரிகிறது என்று பேசிக்கொண்டே போடுவேன். முடித்ததும் டஸ்டரை எடுத்து எல்லாத்தையும் அழித்துவிடுவேன், "ஐயோ சார்!" என்று வகுப்பே கத்தும். அப்புறம்தான் அவர்கள் நோட்டைத் திறக்க வேண்டும். கை அசைவு மனதில் நிற்கும், படம் நிற்காது. அது போதும்.

ஒன்று சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் என்பதே ஆறு முதல் எட்டு வகுப்புக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஒன்றில் இருந்து அஞ்சு வரைக்கு அப்படி யாரும் இல்லை. 2012-இல் தமிழ்நாட்டில் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அதிலும் சின்ன வகுப்புக்கு ஒன்றும் வரவில்லை. எல்.கே.ஜி.க்கு டிராயிங் டீச்சர் வைத்திருக்கிற ஒரு நிர்வாகம் கிடைத்திருக்கிறது. அந்த மனுஷரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

---

நாகலூர் ரோடு:

மாஸ்டர் ஐயா சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்புக்குச் சரி. எல்.கே.ஜி.க்குப் போர்டு பக்கமே போகக்கூடாது என்பது என் கட்சி.

நான் மலையிலேயே பிரைமரி டீச்சர், டிராயிங்குக்கென்று படித்தவள் இல்லை. ஆனால் வயசு வயசாக என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர், ஆஸ்திரியாவில் இருந்து அமெரிக்கா போனவர், பிள்ளைகள் வரைவதைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதியிருக்கிறார், பெரும்பாலும் நம் வகுப்பறைக்கும் பொருந்துகிறது. நாலு வயசு வரை கிறுக்கல். நாலில் இருந்து ஏழு வரை, பெரிய தலை, தலையில் இருந்தே கை கால் முளைத்த மனுஷன், பொருட்கள் எல்லாம் தாளில் மிதக்கும். ஏழுக்கு மேலே அடியில் ஒரு தரைக்கோடு வந்துவிடும், மேலே நீலமாக ஒரு பட்டை வானம், நடுவில் வெள்ளையாகவே விட்டிருப்பார்கள். "வானம் கீழே வரை வரணும்டா" என்று நாம் திருத்துவோம். அவனுக்கு வானம் மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, நடுவில் காற்று! அவன் சொல்வதில் என்ன தப்பு? பிரிண்ட் அவுட்டில் கலர் அடிக்க வைப்பதை அவர் அந்தக் காலத்திலேயே கடுமையாக எதிர்த்தவர், அதை நிறுத்தினது நல்ல காரியம், திரும்பக் கொண்டு வராதீர்கள்.

"எனக்கு வராது மிஸ்" என்பது எட்டு ஒன்பது வயசில்தான் அதிகமாக வரும், கவனித்துப் பாருங்கள். கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் வளரவில்லை, தான் போட்டது நிஜம் மாதிரி இல்லை என்று அதுக்கே தெரிகிறது. அந்த வயசுப் பிள்ளையிடம் "சூப்பரா இருக்கு" என்று சொன்னால் நம்பாது. அதுக்கு உதவி வேண்டும், அங்கேதான் மாஸ்டர் ஐயாவின் போர்டும் டஸ்டரும். நான் இன்னொன்றும் செய்வேன், பொருளை வகுப்புக்குள் கொண்டு வந்துவிடுவேன். சில்வர் ஓக் கிளை ஒன்று போதும். இலையைத் திருப்பிப் பார் என்றால் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும், தினமும் அதன் கீழே நடந்து வருகிற பிள்ளைகள் முதல் தடவை பார்ப்பார்கள். மிளகுக் கொடி மரத்தை எதால் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள், கணுவுக்குக் கணு குட்டி வேர் இருக்கும், அதைப் பார்த்த பிள்ளை அதுக்கப்புறம் கொடியை வெறும் நெளிகோடாகப் போடாது. "மரம் வரை" என்பது கேள்வியே இல்லை. "மரத்தில் ஏறின கொடி எப்படி நிற்கிறது" என்பது கேள்வி.

பெரியவர்கள் கவனிக்காததை இந்தப் பிள்ளைகள் வரைவார்கள். என் வகுப்பில் ஒரு எஸ்டேட் பையன் காட்டெருமை வரைந்தான். உடம்பு உருளைக்கிழங்கு, கொம்பு எங்கேயோ, ஆனால் நாலு காலிலும் முட்டிக்குக் கீழே வெள்ளையாக விட்டிருந்தான். சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் அந்த வெள்ளை, நேரில் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதை எந்த போர்டும் சொல்லிக் கொடுக்காது.

நோட்டு விஷயம். நோட்டையே ஒழியுங்கள், ஆளுக்கு ஒரு ஃபைல் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் தேதி. படத்துக்குக் கீழே பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே நீங்கள் எழுதுங்கள், "எங்க ஆயா காப்பிப் பழம் பறிக்கறாங்க, அட்டை கடிச்சிருச்சு" என்று. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பெற்றோர் முதலில் அந்த வரியைத்தான் படிப்பார்கள், சிரிப்பார்கள், அப்புறம்தான் படத்தைப் பார்ப்பார்கள். ஜூனில் போட்டதையும் டிசம்பரில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் கரஸ்பான்டன்ட்டுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கலர் காயாத கதை மலையில் எல்லாருக்கும் உண்டு. ஜூனில் இருந்து நவம்பர் வரை போஸ்டர் கலரைப் பூட்டி வையுங்கள். மெழுகு கிரேயான், ஆயில் பேஸ்டல் ரெண்டுக்கும் ஈரம் ஒரு பொருட்டில்லை. கிரேயானை அழுத்தித் தேய்த்துவிட்டு மேலே தண்ணீர் மாதிரி ஒரே ஒரு கலரைத் தடவினால் மெழுகு பட்ட இடம் ஒட்டாமல் தனியாக நிற்கும், கலர் மெல்லிசு என்பதால் சீக்கிரம் காயும். மூடுபனி வரையவும் தோதான முறை அது, சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். சார்ட்டுக்குப் பதிலாகப் பழுப்பு அட்டைத் தாள் வாங்குங்கள், நமுத்தாலும் சுருளாது. வகுப்புக்குக் குறுக்கே ஒரு கொடிக்கயிறு, துணி கிளிப். ஜனவரிக்கு மேலே வெயில் வந்ததும் பெயிண்ட்.

---

தறிக்காரன் மகன், அம்மாபேட்டை:

நான் டீச்சர் இல்லீங்க, எங்கள் வீட்டில் பட்டுத் தறி. படித்துக்கொண்டே வந்தேன், ஒரு யோசனை.

எங்களிடம் பழைய ஜக்கார்டு அட்டைகள் மூட்டையாகக் கிடக்கின்றன. சேலை பார்டரில் டிசைன் வர ஓட்டை போட்ட அட்டையைக் கோர்த்து தறிக்கு மேலே ஓட விடுவோம், ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதுக்குத் தகுந்த இழை தூக்கும். டிசைன் பழசானால் அட்டை எடைக்குத்தான் போகும். நல்ல கெட்டி அட்டை. தாளில் வைத்துப் பஞ்சில் கலர் தொட்டு ஒற்றினால் புள்ளி புள்ளியாக விழும். என் அக்கா பிள்ளைகள் லீவில் இதைத்தான் செய்துகொண்டிருக்கும், ஒரு அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்து ஒற்றிக் கண்ணாடி பிம்பம் போல டிசைன் கொண்டுவரும், யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் கட்டத் தாள். கம்ப்யூட்டர் வருவதுக்கு முன்னால் எங்கள் தாத்தா காலத்தில் மயில், மாங்காய், அன்னம் எல்லாத்தையும் கட்டத் தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மை வைத்துத்தான் டிசைன் போட்டார்கள். ஒரு கட்டம் என்பது பாவு (நீள இழை) ஒன்றும் ஊடை (குறுக்கு இழை) ஒன்றும் சந்திக்கிற இடம். கணக்கு நோட்டின் கட்டத்தில் மூணாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாங்காயைக் கட்டம் கட்டமாக நிரப்பினால் வளைவு எப்படிப் படிப்படியாக உடைந்து வருகிறது என்று பார்க்கும். 'நீட்டாக' வேண்டும் என்கிறாரே உங்கள் கரஸ்பான்டன்ட், இதை விட நீட்டாக ஒன்றும் வராது, ரெண்டு பேரும் ஒரே மாதிரியும் போட மாட்டார்கள்.

பசை கடையில் வாங்காதீர்கள், சேலத்தில் இருந்துகொண்டு! மரவள்ளி மாவை ஒரு பங்கு பச்சைத் தண்ணீரில் கரைத்து ஏழெட்டுப் பங்கு கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி மாதிரி பசை. அதில் கொஞ்சம் பவுடர் கலர் கலந்து தாளில் பூசி, பழைய சீப்பால் இழுத்தால் அலை அலையாக டிசைன் வரும். பிள்ளைகளுக்கு உயிர் அது. ஆனால் ஒன்று, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள், அந்தப் பசையை யாரிடமும் வாங்கிவிடாதீர்கள், அது விஷம். மாவுப் பசையை அன்றைக்கு அன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதுதான் நல்லது, மறுநாள் புளித்துவிடும்.

---

கன்னங்குறிச்சி அம்மா:

பெற்றோர் பக்கமும் யாராவது பேச வேண்டும் இல்லையா. என் மகள் நாலாவது. டிராயிங் போட்டி என்று மாசத்துக்கு ஒன்று வருகிறது, தலைப்பு என்னவோ "இயற்கையைக் காப்போம்", ஜெயிக்கிற படம் எல்லாம் கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்து வந்த படம். பூமிக்கு ரெண்டு கை, ஒரு கையில் செடி. போன தடவை என் மகள் மூக்கனேரியில் தான் பார்த்த நீர்க்காகத்தை வரைந்தாள், றெக்கையை விரித்து வெயில் காய்கிறது. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், ஆறுதல் பரிசு கூட இல்லை. நான் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லாரும் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளை அழுதுகொண்டு வந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

---

நாகலூர் ரோடு:

சேர்க்காதீர்கள் மேடம், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நீர்க்காகம் வெயில் காய்கிற படத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு ஃபர்ஸ்ட், செகண்ட்? எங்கள் பள்ளியில் போட்டிக்கு அனுப்புவதை நான் அஞ்சாம் வகுப்புக்கு முன்னால் ஒத்துக்கொள்வதே இல்லை, இதில் ஹெச்.எம்.முக்கும் எனக்கும் ஒவ்வொரு வருஷமும் சண்டைதான்.

---

ரிடையர்டு டிராயிங் மாஸ்டர், ஓமலூர்:

போட்டியில் நடுவராக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 300 தாளை ஒரு மணி நேரத்தில் பார்க்கச் சொல்வார்கள், பளிச்சென்று இருப்பதைத்தான் கை எடுக்கும். அதுக்காகப் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நாகலூர் டீச்சரோடு இதில் எனக்கு ஒத்துவராது. தோற்றுப் பழகுவதும் வேண்டும். ஆனால் நீர்க்காகத்தை நான் பார்த்திருந்தால் எடுத்து வைத்திருப்பேன் அம்மா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

ஏற்காட்டு டீச்சருக்கு ஒரு யோசனை. நாலு, அஞ்சு வகுப்பை ஒரு நாள் தாரமங்கலம் கூட்டிக்கொண்டு போங்கள். கைலாசநாதர் கோயிலில் யாளி வாய்க்குள் கல் உருண்டை உருளும், பிள்ளைகள் விரலை விட்டு உருட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், எடுக்க வராது. அது வேடிக்கைக்கு. பாடம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. ராமன் மறைந்து நின்று வாலி மேல் அம்பு விடுகிற சிற்பம், ரெண்டு தூணில். ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான், வாலி பக்கம் போய் நின்றால் ராமன் தெரிய மாட்டான். பாதி வகுப்பை ஒரு தூணிலும் மீதியை இன்னொன்றிலும் நிறுத்தி, "நீ நிற்கிற இடத்தில் இருந்து என்ன தெரிகிறதோ அதை மட்டும் போடு" என்று சொல்லுங்கள். பார்வைக் கோணம் என்பதை நான் பத்து வருஷம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துச் சொல்லிக் கொடுத்ததை விட அங்கே சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

---

ஏற்காட்டுக்குப் புதுசு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்டர் ஐயா, அழித்துவிடுகிற யோசனையை நேற்று நாலாம் வகுப்பில் செய்து பார்த்தேன். காப்பிச் செடியை மூணு விதமாகப் போட்டு அழித்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே கத்தினார்கள். ஒருத்தி மட்டும், "மிஸ், நீங்க போட்டது தப்பு, பழம் காம்போட தொங்காது, தண்டோட ஒட்டிக்கிட்டு கொத்தா இருக்கும்" என்றாள். வெளியே போய்ப் பார்த்தோம், அவள் சொன்னதுதான் சரி. மீதி நேரம் வகுப்பை அவளே நடத்தினாள்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒண்ணாவது மூணுக்கும் போர்டு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன், நாகலூர் டீச்சர் சொன்ன மாதிரி ஃபைல். கரஸ்பான்டன்ட் ஃபைலுக்கு ஒத்துக்கொண்டார், ஆனால் ரெண்டாவதில் இருந்து நோட்டும் இருக்கட்டும் என்கிறார். சரி, நோட்டில் கட்டத் தாள் டிசைன் போடலாம் என்று இருக்கிறேன்.

தாரமங்கலத்துக்கு பஸ் செலவு, 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்கிற பிள்ளைகள், இதையெல்லாம் யோசித்தால் இந்த டெர்மில் நடக்காது. பிப்ரவரியில் கேட்டுப் பார்க்கிறேன்.

அம்மாபேட்டை அண்ணா, அந்த அட்டை எவ்வளவு தருவீர்கள்? எடைக்குப் போடுகிற விலையைக் கொடுத்துவிடுகிறேன்.

---

தறிக்காரன் மகன், அம்மாபேட்டை:

காசெல்லாம் வேண்டாங்க. ரெண்டு மூட்டை கட்டி வைக்கிறேன். கோர்த்த கயிறு கொஞ்சம் எண்ணெயும் தூசியுமாக இருக்கும், அறுத்துவிட்டு ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் நனைக்க வேண்டாம், அட்டை உப்பிவிடும். சனிக்கிழமை அஸ்தம்பட்டி வரை வேலையாக வருகிறேன், மலைக்கு ஏறுகிற வண்டி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஏற்றி விட்டுவிடுகிறேன். மரவள்ளி மாவும் ரெண்டு கிலோ சேர்த்து வைக்கட்டுமா?